நெதிவோத் ஃபோர்துனாவின் ஒற்றை நட்சத்திரம்

என் மனைவியின் ஐஸ்கிரீம் கடையை மூடவைத்தே தீருவது என்று ஒரு வியாழக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் சமையலறை. நின்றுகொண்டுதான் முடிவெடுத்தேன். உட்கார நாற்காலி இல்லை. என் நாற்காலிதான் கடைக்குப் போய்விட்டதே!

இஸ்ரேலில், ரெஹோவோத் என்ற ஊரில் எங்கள் வீட்டின் முன்னறை தெருவைப் பார்த்தது. ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி. மதியம் என் மனைவி பத்யா வைக்கும் மாட்டுக்கறி சூப்பை வெந்தய விழுதோடு ஒரு பிடி பிடித்துவிட்டு அதில் சாய்ந்தால், சரியாக எழுபத்திரண்டு நிமிடம் தூங்குவேன். எழுந்ததும் பால் காப்பி, ஒரு துண்டு சீஸ் கேக். எழுபத்திரண்டு என்பது சும்மா வாய்க்கு வந்த எண் இல்லை. யூதர்களான எங்களுக்குக் கறியும் பாலும் சேரக்கூடாது; கறி தின்ற வாயில் பால் படுவதற்கு முன் எங்கள் ஆம்ஸ்டர்டாம் குடும்பத்தில் பரம்பரையாக விட்டுவரும் இடைவெளி அது. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் ஏமன், மொராக்கோ, ஈராக் வழி வந்தவர்கள். அவர்களுக்கு ஆறு மணி நேரம். மதியம் கபாப் தின்றவன் பொழுது சாயும்வரை பாலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பத்யாவும் ஏமன் வீட்டுப் பெண்தான். ஆனால் கல்யாணம் ஆனால் பெண் புருஷன் வீட்டு வழக்கத்துக்கு மாறிக்கொள்வது எங்களில் முறை. முப்பத்தொரு வருடத்தில் என் வழக்கங்களில் அவள் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். ஆறு மணி நேரம் எழுபத்திரண்டு நிமிடமாகக் குறைகிறது என்றதும் மறுபேச்சு பேசாமல் சம்மதித்தாள். என்னைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

போன வசந்த காலத்தில் ஒரு நாள், நான் தூங்கி எழுந்து காப்பிக்குக் கை நீட்டிய நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"நப்தலி, முன்னறையில கடை போடப்போறேன்."

"என்ன கடை?"

"ஐஸ்கிரீம் கடை. பால் கிடையாது, முட்டை கிடையாது, தேன்கூடக் கிடையாது."

"அப்போ என்னதான் இருக்கும்? குளிரா?"

"எள்ளு, பாதாம், முந்திரி, பேரீச்சம்பாகு. கறி தின்ன வாயோட நேரா வந்து சாப்பிடலாம். எல்லாம் நம்ம சாப்பாட்டு விதிப்படிதான்னு கோஷர் சான்றிதழும் வாங்கப்போறேன்."

"பால் இல்லாத ஐஸ்கிரீமை எவன் திம்பான்?"

"ஆறு மணி நேரம் காத்துக்கிட்டு உக்காந்திருக்கானே, அவன் திம்பான்."

நான் அடுத்த வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் முன்னறையில் மூன்று குளிர்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. என் நாற்காலி வாடிக்கையாளர்களுக்கு என்று ஆகிவிட்டது.

எங்கள் ஊர் வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஸ்கிரீம் தின்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கருத்துச் சொல்வதுதான் முதல் வேலை. ஒரு அம்மாள் ஒன்பது வகையையும் குட்டிக் கரண்டியில் ருசி பார்த்தாள். "என் நாத்தனார் இதைவிட நல்லா செய்வா" என்றாள். பத்யா முகம் மாறுவதற்குள், "ஆனா அவகிட்ட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால ரெண்டு கரண்டி குடு" என்றாள்.

நேரில் சொன்னது போதாது என்று போனிலும் எழுதுவார்கள். நட்சத்திரம் போடுவார்கள். ஒருவர் வண்டி நிறுத்த இடமில்லை என்று இரண்டு நட்சத்திரம் போட்டார். அவர் குடியிருப்பது எங்கள் மாடியில். வண்டியும் கிடையாது! இன்னொருவர் எழுதியதைப் படித்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "சுவை அபாரம். ஆனால் கடைக்காரியின் கணவர் உள்ளே விடும் குறட்டையில் குச்சி ஐஸ் ஆடுகிறது. மூன்று நட்சத்திரம்."

"பாத்தியா பத்யா? ஊரே சிரிக்குது. நாலு புள்ளி ஒண்ணுல வந்து நிக்குது உன் கடை. மூடிடலாம்."

"நாலு புள்ளி ஒண்ணு நல்ல மார்க்குதான். பள்ளிக்கூடத்துல நீ எவ்வளவு வாங்கினே?"

"பேச்சை மாத்தாதே. என் நாற்காலி எனக்கு வேணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. புத்தாண்டுக்குள்ள இது நாலுக்குக் கீழ போச்சுன்னா கடையை மூடிடறேன். நாற்காலி, அறை, தூக்கம் எல்லாத்தையும் எடுத்துக்கோ. போதுமா?"

"சத்தியமா?"

"எங்க வீட்டு வெந்தயத்து மேல சத்தியம்."

வெந்தயம் இல்லாமல் சாப்பாட்டில் உட்காராத ஏமன்காரி அதன் மேல் சத்தியம் செய்தால் பிறகு பேச்சில்லை. செப்டம்பரில் வரும் எங்கள் யூதப் புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தின் முதல் வியாழக்கிழமைதான் நான் மேலே சொன்ன வியாழக்கிழமை.

சமையலறையில் நின்றபடியே போனில் ஒரு புதுப் பெண்மணியைப் படைத்தேன். பெயர் ஃபோர்துனா. ஊர் நெதிவோத். பூர்வீகம் மொராக்கோ. ஐந்து பிள்ளைகள். சுவை சரியில்லை என்று எழுதினால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். அடித்தால் அடி வயிற்றில் விழவேண்டும். எழுதினேன்:

"நான் பக்தியுள்ள குடும்பத்துப் பெண். கறி தின்றால் எழுபத்திரண்டு நிமிடம் முழுசாகக் கழியாமல் பாலை ஏறிட்டும் பார்க்காத பரம்பரை. பக்கத்துக் கடையில் கபாப் தின்ற பத்தாவது நிமிடம், பால் இல்லை என்ற பலகையை நம்பி இங்கே எள் ஐஸ்கிரீமை வாயில் வைத்தேன். ஐயோ! அது பால்! பசுவின் மடியிலிருந்து நேராக வந்த பால்! இப்படி ஒரு பால் ருசியை நான் பாலில்கூடக் கண்டதில்லை. மூன்று முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை. ஒரு நட்சத்திரம். அதுவும் தவறுதலாக."

அனுப்பிவிட்டு எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். அந்த ஃபோர்துனாவின் மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது.

சனிக்கிழமை ஓய்வுநாள் கழிந்து ஞாயிறு வந்தது. பகல் பன்னிரண்டுக்கு வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தேன். கூட்டம்! கடை வாசலில் தொடங்கி, பக்கத்துக் கபாப் கடை ஓவாத்யாவின் அடுப்பைச் சுற்றிக்கொண்டு, தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் ஆட்கள். கல்லெறிய வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடையை மூட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேனே தவிர, ஜன்னலை உடைக்க வேண்டும் என்று இல்லை. அது என் ஜன்னல்.

முன்னால் நின்ற தடியன் கையில் கபாப். வாயிலும் கபாப்.

"எங்கம்மா அந்தப் பால் ஐஸ்கிரீம்?"

"பால் இல்லீங்க, எள்ளு" என்றாள் பத்யா.

"அதான், அந்தப் பால் மாதிரியே இருக்கிற எள்ளு! பிறந்ததிலேர்ந்து கறி தின்ன வாயில பால் ருசி பாத்ததில்லம்மா. பாவமில்லாம பாக்கலாம்னா விடுவேனா? மூணு கரண்டி போடு!"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தடியன் ஒரு வாய் வைத்தான். நின்றான். கண் கலங்கிவிட்டது. "நாப்பத்தாறு வருஷம் வீணாப் போச்சே" என்று பின்னால் நின்றவனின் தோளில் சாய்ந்தான். பின்னால் நின்றவன் அவனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான்.

சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு ஐந்தைந்து நட்சத்திரமாகக் கொட்டினார்கள். "ஃபோர்துனா அம்மாள் சொன்னது சத்தியம், பாலேதான், ஆனால் பால் இல்லை!" "ஃபோர்துனா ஏமாந்தாள், நானும் ஏமாந்தேன், என் மாமியாரையும் ஏமாற்றினேன்!" நாலு புள்ளி ஒன்று நாலு புள்ளி ஐந்து ஆயிற்று. இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேறொரு இடி. கோஷர் மேற்பார்வையாளரான மதகுரு, ரப்பி ஸெக்கர்யா, கைப்பையோடு வந்து நின்றார்.

"பத்யா, ஒரு புகார். யாரோ ஃபோர்துனாவாம். பால்னு எழுதியிருக்காங்க. புகார் வந்தா நான் பாத்தே ஆகணும். ஒரு சொட்டு இருந்தாலும் சான்றிதழைக் கழட்டிடுவேன், வருத்தப்படக்கூடாது."

"பாருங்க ரப்பி. எல்லாப் பெட்டியையும் தெறங்க."

சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தேன். அதை வாங்க அவள் ஐந்து மாதம் நடையாய் நடந்தாள். எள்ளை ஒவ்வொரு பிடியாக வெளிச்சத்தில் பரப்பிப் பூச்சி பார்த்தாள். குளிர்பெட்டியில் கைவிட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது. அது போய்விட்டால்? நாற்காலி கிடைக்கும், ஆனால் அதில் எந்த முகத்தோடு உட்காருவேன்? வெட்கமாக இருந்தது. "ரப்பி, அந்தம்மா பொய் சொல்றாங்க" என்று கத்திவிட்டேன்.

ரப்பி திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியிலேயே தெரியுது."

"நீ பாத்திருக்கியா?"

"தினமும்... அதாவது, அந்த மாதிரி மூஞ்சிகளை."

பத்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரப்பி ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, மோந்து, லேபிள் படித்து, கடைசியில் எள் ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"பால்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது.

"இல்ல... எள்ளு" என்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். "சந்தேகம் தீரல. இன்னும் கொஞ்சம் குடு." நாலாவது கரண்டியில் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது. சொட்டுப் பால் கிடையாது என்று கைப்பட எழுதி ஒட்டினார். வீட்டுக்கு இரண்டு டப்பா எடுத்துக்கொண்டு போனார். புத்தாண்டு அன்று கடை நாலு புள்ளி எட்டில் நின்றது. வருடம் இனிக்கவேண்டும் என்று வழக்கப்படி ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்றேன். கசந்தது.

புத்தாண்டுக்கும் பாவமன்னிப்பு நாளுக்கும் நடுவில் பத்து நாள். அதற்குள் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடமே போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கடவுள் அந்த விஷயத்தில் தலையிடமாட்டார். ஒன்பதாம் நாள் மத்தியானம், சூப் குடித்த கையோடு பத்யாவின் முன்னால் போய் நின்றேன்.

"பத்யா, உனக்கு நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுடு."

"ஏதாவதுன்னா எது?"

"பொதுவா."

"பொதுவால்லாம் மன்னிக்க முடியாது, கண்ணு. விவரமாச் சொல்லு."

அவள் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் கத்தி உறையிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். "அந்த ஃபோர்துனா..."

"நீதான்."

"தெரியுமா? எப்போ தெரிஞ்சுது?"

"வியாழக்கிழமை. ஒண்ணே முக்காலுக்கு."

"நான் எழுதினதே ஒண்ணு நாப்பதுக்குத்தானே!"

"நெதிவோத்து மொராக்கோக்காரி எழுபத்திரண்டு நிமிஷம் காக்கறாளாம். ரெஹோவோத்தையும் நெதிவோத்தையும் சேத்துப் பாத்தாலும் எழுபத்திரண்டு நிமிஷம் காக்கிற வாய் ரெண்டே ரெண்டுதான் நப்தலி. ஒண்ணு என்னோடது. நான் எழுதல."

தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல் நின்றேன். முப்பத்தொரு வருடமாக வாயில் ஊறிய எண். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் காப்பார்கள் என்று என் விரல் நினைத்துவிட்டது.

"அப்போ ஏன் அன்னைக்கே கேக்கல?"

"கேட்டா நீ அழிச்சுடுவியே! இப்படி ஒரு விளம்பரம் எனக்கு யாரு எழுதித் தருவா? பெரிய எழுத்துல அச்சடிச்சு ஓவாத்யாவோட கபாப் அடுப்புக்கு மேல ஒட்டினேன். கீழ, 'வந்து நீங்களே பாருங்க'ன்னு எழுதினேன். ரப்பிக்கு போன் போட்டு வரச்சொன்னதும் நான்தான்."

"ரப்பியை நீயா கூப்பிட்டே? எனக்கு உயிரே போச்சு!"

"போகட்டும்னுதான் கூப்பிட்டேன். ஆனா அன்னைக்கு எனக்காகக் கத்தினே பாரு, அதுக்காக மன்னிக்கிறேன்." அவள் குரல் ஒரு கணம் இளகியது. உடனே சரியாகிவிட்டது. "ஒரு நிபந்தனை."

"சொல்லு."

"மொராக்கோக்காரி கறி தின்னா எவ்வளவு நேரம் காப்பா?"

"ஆறு மணி நேரம்."

"நீதானே ஃபோர்துனா?"

"ஆமா, ஆனா..."

"இன்னையிலேர்ந்து உனக்கும் ஆறு மணி நேரம்."

"பத்யா! அது எங்க பரம்பரை வழக்கம்!"

"உன் பரம்பரையை நீயேதானே நெதிவோத்துக்கு அனுப்பினே. எழுபத்திரண்டு நிமிஷம் எனக்கு மட்டும். சீஸ் கேக்ல உன் பங்கும் எனக்குத்தான்."

"ஆறு மணி நேரம் பாலும் இல்லாம, நாற்காலியும் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

அவள் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள்.

இப்போது மதியம் இரண்டிலிருந்து எட்டுவரை கல்லாவுக்குப் பின்னால் நிற்பது நான்தான். பத்யா உள்ளே தூங்குகிறாள். எழுபத்திரண்டு நிமிடம், எண்ணிவைத்ததுபோல். பிறகு அவள் போடும் பால் காப்பியின் வாசனை ஜன்னல் வரைக்கும் வரும். ஜன்னலோரம் என் நாற்காலியில் ஓவாத்யா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பத்யா அவனிடம் எதையும் மறைப்பதில்லை. அவன் தெருவில் யாரிடமும் எதையும் மறைப்பதில்லை.

"ஏம்மா ஃபோர்துனா," என்று குரல் கொடுக்கிறான், "எள்ளுல ரெண்டு கரண்டி போடு!"