திராட்சை ரொட்டியில் நாலாம் பரிமாணம் கண்ட படலம்

வாழ்க, வாழ்க, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாழ்க! மங்கிய விழிகளுக்கு ஒளி வழங்கும் வள்ளல், எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் கண் சுருக்காமல் வாசிக்கும் கூர்விழிக் குரிசில், மனைவி தேடச் சொன்ன சீப்பைத் தவிர மூவுலகிலும் அனைத்தையும் கண்ட பெருந்தகை, அவர் வாழ்க!

அப்பேர்ப்பட்டவரைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை, பொறியாளரான மைத்துனர் சீண்டிவிட்டுப் போனார்.

"நீளம், அகலம், உயரம், அதோட காலம். நாலையும் சேர்த்து மனசுல பார்க்கணும் மாப்பிள்ளை. அதுக்கெல்லாம் உங்க கடையில கண்ணாடி கிடையாது!"

விடுவாரா வீரர்? "அடுத்த ஞாயிறு நீர் வருவதற்குள் அதைக் கண்டு, உமக்கும் காட்டுவேன்! இல்லையேல் இவ்வீட்டில் டிவி ரிமோட்டைத் தீண்டேன்!" என்று சூளுரைத்தார். கேட்ட சுவர்ப்பல்லியும் வாலை மறந்து ஓடியது.

போர் மூண்டது. கண்களை மூடினார். நீளத்தை நீட்டினார், அகலத்தை விரித்தார், உயரத்தை எழுப்பினார். காலத்தின் பிடரியைப் பற்றும்போதோ உயரம் சரிந்தது, அகலம் சுருண்டது, குறட்டை முரசம் முழங்கியது. வாரம் முழுக்க இதே கதைதான்.

ஞாயிறும் விடிந்தது. சமையலறை மேசையில் உலர்திராட்சை பதித்த முழு ரொட்டி ஒன்று, எவரும் வெல்லாத கோட்டையெனக் கிடந்தது. ஆகா! நாலில் உயரத்தை மட்டும் பலி கொடுத்துவிட்டால், ஒவ்வொரு துண்டும் உலகின் ஒரு கணம். துண்டுகளின் வரிசையே காலம். ஒவ்வொரு திராட்சையும் ஒரு நிகழ்ச்சி! நேராக வெட்டினால் நிற்பவனின் 'இப்பொழுது'. ஓடுபவனுக்கோ காலமே சாய்ந்துவிடுமாம், ஆகவே கோணலாக வெட்டினால் அவனுடைய 'இப்பொழுது'! கத்தி எழுந்தது, துகள் பறந்தது. அந்தக் கோணல் துண்டின் இந்த ஓரத்துத் திராட்சையில் தம்முடைய தும்மலையும், அந்த ஓரத்துத் திராட்சையில் எங்கோ வெடித்த விண்மீனையும் ஒரே கணத்தில் கண்டார், காலமும் வெளியும் ஒரே மாவாகப் பிசைந்து கிடக்கக் கண்டார், கண்ணீர் மல்கினார்.

"என்னங்க இது? எலிகூட இதைவிட நேரா கடிக்கும்!" என்றாள் மனைவி.

"தொடாதே! பிரபஞ்சம்."

"சரி, கீழே சிந்தின பிரபஞ்சத்தை யாரு கூட்டுறது?"

அழைப்புமணி ஒலித்தது. பகையரசர் வந்தமர்ந்தார். யுகயுகமாய் மாந்தர் விழிக்கு அகப்படாத பேருண்மையை, ஒரு தட்டில் ஏந்தி, கொடி பிடித்த படைத்தலைவனென நடந்து, அவர்முன் வைத்துவிட்டு, விளக்கம் சொல்ல நம் வெற்றி வேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த அந்த வேளையில்,

மைத்துனர் அதில் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டார்.