முத்துநாயகம் சாரின் முதற் பதிப்பு

ஜெபகுமாரி அறைக்குள் வந்ததும் முத்துநாயகம் கையிலிருந்த புத்தகத்தைச் சட்டென்று தலையணைக்கு அடியில் தள்ளினார்.

“என்னத்த ஒளிக்கிய?”

“ஒண்ணும் இல்ல. தலையணையச் சரி பண்ணினேன்.”

“காலேஜுல இருந்து போன் வந்தது. பழைய வாத்தியார்மாருக்க புக்கையெல்லாம் கண்காட்சி வைக்காவளாம். ஒங்களுக்கதும் வேணுமாம். முதற் பதிப்புதான் வேணுமாம்.”

முத்துநாயகம் தலையணையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலை ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டிருந்தது. ‘என் மனைவி ஜெபகுமாரியின் ஓயாத தொண்டே இந்நூலை முடிக்க வைத்தது’ என்று முன்னுரையில் எழுதிக் கொடுத்திருந்தார். அச்சில் வந்ததோ ‘ஓயாத சண்டையே’ என்று. பயந்துபோய் முதற் பதிப்பை மனைவி கண்ணில் காட்டவேயில்லை. திருத்திய இரண்டாம் பதிப்பு வந்த பிறகுதான் ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்.

“முதற் பதிப்பைக் கறையான் அரிச்சிட்டு.”

“அதுக்கென்ன? ஒங்ககிட்ட படிச்ச பிள்ளைகளுக்க குரூப்புல போடுகேன். யாருட்டயாவது இருக்கும்.”

சொன்ன கையோடு வாட்ஸ்அப்பில் போட்டும் விட்டார்.

மற்றவர்கள் தேடி எடுப்பதற்குள் தானே வாங்கிவிட வேண்டும். முத்துநாயகம் ஆட்டோ பிடித்து, வடசேரியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த சுயம்புராஜிடம் போனார்.

“எனக்க புக்குல முதற் பதிப்பு எத்தனை இருக்கு? எல்லாத்தையும் எடும்.”

சுயம்புராஜ் ஒரு கட்டைத் தூக்கி வைத்தார். “எல்லாத்துலயும் முதற் பதிப்புன்னு போட்டிருக்கு சாரே.”

முத்துநாயகம் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டினார். “அந்த வரிக்குக் கீழ பாரும். இரண்டாம் பதிப்புன்னு இன்னொரு வரி கெடக்குல்லா? அப்ப இது ரெண்டாவது. மேல உள்ள வரி மட்டும் ஒத்தையா இருந்தாதான் அது முதல்ல வந்தது. அட்டை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

அந்தக் கட்டுக்குள் ஒன்றுகூட முதற் பதிப்பு இல்லை. நிம்மதியாக வீடு திரும்பினார்.

பாடம் கேட்ட சுயம்புராஜ் சும்மா இருக்கவில்லை. எழுதியவரே இப்படி அலைகிறார் என்றால் அரிய சரக்காகத்தான் இருக்கும் என்று தக்கலை, மார்த்தாண்டம் என விசாரித்து, அருமனையில் ஒரு வீட்டுப் பரணில் முதற் பதிப்பைப் பிடித்து, கண்காட்சிக்குத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

“நீங்க சொல்லித் தந்த மாதிரியே பாத்தேன் சாரே. ஒத்த வரிதான்!” என்று போனில் பெருமை வேறு.

கண்காட்சியன்று முத்துநாயகம் பையில் ஓர் இரண்டாம் பதிப்போடு முதல் ஆளாகப் போனார். மாற்றி வைப்பதற்காக மேசையிலிருந்த முதற் பதிப்பை எடுத்தார். பையிலிருந்ததையும் எடுத்தார். இரண்டும் கையில் இருக்கும்போது, “வாங்க சார்!” என்று கல்லூரி முதல்வர் உள்ளே வந்தார். பதற்றத்தில் ஒன்றைப் பையில் போட்டு ஒன்றை மேசையில் வைத்தார். எது எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. திருப்பிப் பார்ப்பதற்குள் ஜெபகுமாரியோடு கூட்டமும் வந்துவிட்டது.

“டீச்சர், முன்னுரையில உங்களைப் பத்தி இருக்காமே. வாசிங்க” என்று முதல்வர் ஜெபகுமாரியிடம் மேசையிலிருந்த புத்தகத்தையும் மைக்கையும் நீட்டினார்.

ஜெபகுமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார். “என் மனைவி ஜெபகுமாரியின் ஓயாத சண்டையே இந்நூலை முடிக்க வைத்தது.”

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. முத்துநாயகம் மனைவியின் காதோரம் குனிந்தார்.

“குமாரி, சத்தியமா நான் அப்படி எழுதல்ல. அச்சுப்பிழை. நீ வருத்தப்படுவியேன்னுதான் இத்தன வருசமா ஒளிச்சேன்.”

“இதுக்குப் போயா?” ஜெபகுமாரிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. “வாங்க, சாயா குடிப்போம்.”

நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோல் இருந்தது. முத்துநாயகம் பழம்பொரியை ஒன்றுக்கு இரண்டாகத் தின்றார். அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்ற கோலப்பன் சாயாவோடு பக்கத்தில் வந்து நின்றபோது அவரைக் கிண்டல் செய்யவும் தெம்பு வந்துவிட்டது.

“ஓய் கோலப்பன், உம்ம ஆளுவ விட்ட ஒரு பிழை என்னை என்ன பாடு படுத்திட்டு பாத்தீரா?”

“பிழையா? சாரே, அன்னைக்கு புரூஃபைக் கொண்டு தந்த ஒங்க டீச்சர்தானே ‘தொண்டே’ன்னு இருந்தத அடிச்சுட்டு ‘சண்டையே’ன்னு எழுதி, ‘இதுதான் நெசம், மாத்தாம அடியுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாவ!”