காலியாக இருந்த முப்பது வருஷம்

சியோல் மாநகரத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான பழைய வீடுகள் எத்தனையோ இருக்க, எங்கள் நூடுல்ஸ் கடைக்கு எதிர்வீட்டுக்கு மட்டும் வரலாறு உண்டென்று திடீரெனக் கண்டுபிடித்தார்கள். வரலாறு வந்துவிட்டால் மனுஷர்கள் கிளம்ப வேண்டியதுதானே! மருமகளாக வந்த நாள்முதல் அங்கே வாடகைக்கு இருந்த ஓக்-பூன் அக்காவை ஆறாம் மாடி ஃப்ளாட்டுக்கு அனுப்பினார்கள். தெருவே கொதித்தது. நானும் கோஷம் போட்டேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வாசலில் பலகை வந்தது. மந்திரி ஒருவர் கட்டினார், ஜப்பான்காரர் காலத்தில் ஒரு துரை இருந்தார், அதன்பின் வீடு காலியாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. பதவியில்லாதவர்கள் குடியிருப்பதை வரலாறு கணக்கில் எடுப்பதில்லையாம்.

பூட்டிய வீடு சும்மா இருக்குமா? தரைக்கடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றுகிற வீடு அது. அடுப்பு அணைந்ததும், ஒரே மழைக்காலத்தில் தரையெல்லாம் பூஞ்சை, தூணெல்லாம் கறையான். நிபுணர் குழு கூடி, ஆழ்ந்து ஆராய்ந்து, ‘ஆள் குடியில்லாமையே மூலகாரணம்’ என்று அறிவித்தது. உடனே விளம்பரம் வந்தது: பாரம்பரிய வீட்டில் குடியிருக்க ஆள் தேவை, முன்னனுபவம் அவசியம்.

அக்கா ஓடினாள். அதிகாரி மேங் மகா மரியாதைக்காரர். இரண்டு கையாலும் தேநீர் நீட்டிவிட்டுத்தான் ஆளைத் திருப்பி அனுப்புவார்.

“எந்த வீட்டுலம்மா அனுபவம்?”

“இதே வீட்டுலதாங்க. முப்பது வருஷம்.”

“அப்போ வீடு காலியால்ல இருந்துச்சு?”

“நான்தாங்க இருந்தேன். வாடகை நீங்கதானே வாங்குனீங்க?”

“வாங்குனது வேற துறைம்மா. பலகை எங்க துறை. பலகைல நீங்க இல்லையே.”

வேலை ஒரு நடிகைக்குப் போயிற்று. இரண்டு டிவி தொடர்களில் அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்த அனுபவம் அவளுக்கு உண்டு. சாயங்காலமானால் பாரம்பரியத்தை முடித்துக்கொண்டு பஸ் பிடித்துவிடுவாள்.

திறப்பு நாளில், எங்கள் ஊர்ப் பாரம்பரிய உடையான ஹான்போக் உடுத்தி வந்தால் நுழைவு இலவசம் என்றார்கள். அக்கா தன் கல்யாண ஹான்போக்கை உடுத்திப் போய், தான் படுத்திருந்த அறையின் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாழியாவது தன் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாமே என்றுதான். பார்க்கவே பாவமாக இருந்தது. கொதித்த தெரு முழுக்க வாடகை ஹான்போக்கில் படம் எடுக்க வரிசை கட்டி நின்றது. நல்ல வெளிச்சம் விழுந்ததும் அந்தப் படியில்தான். என் முறை வந்தது.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படத்துல விழறீங்க” என்றேன்.

அவள் எழுந்து ஒதுங்கினாள். படம் நன்றாகவே வந்திருக்கிறது, கடையில் மாட்டியிருக்கிறேன்.