புல்லுக்குக் குடை பிடித்த புல்லுச்சாமி

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்கள் அத்தனையிலும், புல்லைப் பிடுங்காமல் வளர்த்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் புல்லுச்சாமிதான். நாங்களெல்லாம் புல்லுக்குப் பகையாளிகள். தேயிலைக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டினால் கங்காணிக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் புல்லைக் கொஞ்சிக்கொண்டிருந்தால் சொந்தப் பேர் எப்படி நிலைக்கும்? ஆபீசில் சின்னக் கிளாக்கராக இருந்த எனக்கே அவருடைய உண்மைப் பேர் மறந்துபோயிற்று.

அவர் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரர். துரையின் மனைவி துரைசாணி ஏதோ வெயில் நாட்டிலிருந்து ஒரு புல்லுக் குத்தைக் கொண்டுவந்து பங்களா கேட்டருகே நடச் சொன்னார். இடுப்புயரப் புல், நரிவால் மாதிரி ஊதாப் பூக்கள். காய்ந்த பூமிப் புல்லாம். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடுமாம். அது செத்தால் புல்லுச்சாமி மலைக்குப் போய்த் தண்ணீர் வடியக் கான் வெட்ட வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புல்லுச்சாமியின் வலது முழங்காலோ மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது.

நாம் தண்ணீர் ஊற்றாமல் இருக்கலாம். தலவாக்கலை வானத்திடம் யார் போய்ச் சொல்வது? மழை இறங்கியதும் புல்லுச்சாமி குடையோடு ஓடுவார். குடை புல்லுக்கு, நனைவது அவர். குளிர் கூடினால் தன் கம்பளியையும் அதற்கே போர்த்திவிடுவார்.

"எனக்குக் குளிர்காச்சல் வந்தப்பகூட இந்தக் கம்பளியத் தரல இந்த மனுசன்" என்று அவர் மனைவி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லாத நாளில்லை.

"ஒனக்கு வாயிருக்கு, கேட்டு வாங்கிக்குவ. அதுக்கு வாயா இருக்கு?" என்பார் புல்லுச்சாமி.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து வீ.ஏ. துரை வருவதாகச் சேதி வந்தது. தோட்டம் தோட்டமாகப் பரிசோதனைக்குப் போய்த் துரைமார்களையே நடுங்க வைக்கும் அதிகாரி. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் புல்லுவெட்டுப் பெண்களுக்கு உத்தரவு சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"பங்களா கேட்டுலருந்து தேயில ஸ்டோரு வரைக்கும் ஒரு புல்லு நிக்கக் கூடாது."

"எல்லாப் புல்லுமாங்கய்யா?" என்று கேட்டார் முன்னால் நின்ற மாரியாயி அக்கா.

நெஞ்சை நிமிர்த்தினேன். "எல்லாப் புல்லும்னா எல்லாப் புல்லும்தான்."

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் சவரம் செய்த முகமாக இருந்தது. நரிவால் நின்ற இடத்தில் ஒரு குழி. பெண்களின் கொண்டையில் ஆளுக்கொரு ஊதாப் பூ. காவல் நிற்க வேண்டிய புல்லுச்சாமியோ, புல்லின் குடைக்குக் கம்பி உடைந்துவிட்டதென்று கடைக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். குடை நுனியால் குழியைக் கிளறினார்.

"பொம்பளைங்க மேல குத்தமில்லீங்க. வேரோட புடுங்கியிருக்காங்க பாருங்க, சுத்தமான வேலை" என்றவர், குப்பை மேட்டுக்கு நொண்டிக்கொண்டே ஓடினார். புல்லைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்து, குழியை மூடி மேடு கட்டி நட்டார். நான் பெண்களிடம் பூக்களைக் கேட்டுக் கெஞ்சினேன்.

"எல்லாப் பூவுமாங்கய்யா?" என்றார் மாரியாயி அக்கா.

"எல்லாப் பூவும்தான்" என்றேன். இந்த முறை நெஞ்சு நிமிரவில்லை.

நாலு மணிக்கு வீ.ஏ. துரை வந்தார். மழையும் கூடவே வந்தது. விளக்குமாற்று ஈர்க்கில் கட்டிச் செருகிய பூக்களோடு புல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. புல்லுச்சாமி அதற்குக் குடை பிடித்து நின்றார். துரைசாணி கண்ணைச் சுருக்கி, இதை யார் தொட்டது என்று கேட்டார். என் வேலை அந்த ஒரு பதிலில் தொங்கியது.

"நான்தாங்க தொரைசாணி. வேருல தண்ணி நின்னுச்சு. பேத்து மேடு கட்டி நட்டேன்" என்றார் புல்லுச்சாமி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வீ.ஏ. துரை குடையையும் நனைந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார். புல்லைப் பிடுங்க இத்தனை பேர், அதற்குக் குடை பிடிக்க ஒருவரா என்று இங்கிலீஷில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். துரைசாணியும் சிரித்துவிட்டார். அதோடு போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், மேட்டில் தண்ணீர் வடிந்து அந்தப் புல் அடுத்த மாசியில் இரட்டிப்பாகப் பூத்தது. இனிமேல் குடையே தேவையில்லை என்று எல்லோரும் சொன்னோம். அவர் விடவில்லை.

நான் மாற்றலாகிப் போனபோது ஒரு கன்று பிரித்துத் தந்தார். அது இப்போது கொட்டகலையில் என் வாசலில் ஒரு மேட்டில் நிற்கிறது. மழை அதை ஒன்றும் செய்யாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மழை பலமாகப் பிடித்தால் அந்த நனைந்த முகம் நினைவுக்கு வருகிறது. குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.