சூத்திரத்துக்குள் ஒரு டம்ளர் மோர்

காலை ஏழு நாற்பது. குக்கர் மூன்றாவது விசில் அடித்த நேரத்தில்தான் என் மகளின் கணினியைத் தொட்டேன். இன்றைக்கும் நான் கணினிப் பக்கம் போனால் என் கணவர், "அம்மணி, மோரு குடிச்சாச்சுங்களா?" என்று கேட்கிறார் என்றால், அதற்குக் காரணம் அந்தக் காலைதான்.

மகள் யாழினிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஆனால் கணக்கு என்றால் உயிர். கோவைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கணிதம் கேட்டுப் போனோம். துறைத் தலைவி மேடம் அன்பாகவே தயங்கினார்: "கணக்கைக் காதுல கேட்டு எப்படிங்க படிக்கறது?"

நியாயமான கேள்விதான். அவர்களுடைய பாடக் கோப்பை, திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் படித்தபோது, சூத்திரம் வந்த இடத்திலெல்லாம் "படம்... படம்..." என்றுதான் சொன்னது.

யாழினி விடவில்லை. "அந்தப் பாடத்தையே நான் கேக்கற மாதிரி மாத்திக் கொண்டாறனுங்க மேடம். உங்க முன்னாடியே கணக்குப் போட்டுக் காட்டறேன். அப்பறம் சொல்லுங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினாள். இது தலைப்பு, இது பத்தி, இது சூத்திரம் என்று கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத டேக்குகள். பின்னத்தில் எது மேலே, எது கீழே, வர்க்கமூலத்துக்குள் என்ன என்று கணினிக்குப் புரியும் குறிகள் வேறு. அம்புக்குறியைத் தட்டினால் சூத்திரத்துக்குள் துண்டு துண்டாகப் போய்வரலாம்!

மேடத்திடம் காட்டவேண்டிய அன்று காலை அவள் குளிக்கப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சூத்திரத்துக்கும் 'மாற்று உரை' என்று ஒரு பெட்டி. எல்லாமே காலி! (நான் பி.காம். காலி இடத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.) நிரப்பினேன். சூத்திரம் எனக்கு வாயில் நுழையவில்லை. அதனால் நுழைந்ததை எழுதினேன். ஹெட்போனில் அவளுக்கு மட்டும்தானே கேட்கும்?

பத்து மணி, கல்லூரி. ஹெட்போன் வேண்டாம் என்றுவிட்டார்கள். கணினியைக் கருத்தரங்க அறையின் ஸ்பீக்கரில் செருகினார்கள்.

"இருபடிச் சமன்பாட்டின் தீர்வு," என்றது இயந்திரக் குரல். அடுத்தது சூத்திரம்.

"கண்ணு, பதறாதே. உனக்குத் தெரிஞ்சதுதான்."

யாழினி திகைத்து அடுத்ததற்குத் தாவினாள்.

"போன தடவை இதுல மைனஸ உட்டுப்போட்டே. பாத்து."

இன்னொரு தட்டு.

"இது பெருசா இருக்குது. மோரு ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டுச் செய். பையில வெச்சிருக்கேன்."

துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க, இதுல சூத்திரம் எங்கீங்க?"

யாழினி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, மாற்று உரையத் தொட்டீங்களா?" (கோபத்தில் எங்கள் ஊர் மரியாதை கூடத்தான் செய்யும்.)

"காலியா இருந்துச்சு கண்ணு..."

"காலியாத்தானுங்க இருக்கோணும்! அங்க எழுதுனா, உள்ள இருக்கற சூத்திரத்தை உட்டுப்போட்டு அதைத்தான் படிக்கும்!"

அழிக்க ஆரம்பித்தாள். பாழாய்ப்போன அந்தக் குரல், அழியப்போகும் ஒவ்வொரு வரியையும் இன்னொரு தடவை உரக்கப் படித்துவிட்டுத்தான் விட்டது. மோர் மறுபடி அறை முழுக்க ஒலித்தது. ஏ.சி. அறையிலும் எனக்கு வேர்த்துப் புடவை நனைந்தது. மகளின் சீட்டை மோரில் கரைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசிப் பெட்டியும் காலியானது. அவள் தட்டினாள்.

"பின்னம். மேலே: மைனஸ் பி, பிளஸ் அல்லது மைனஸ், வர்க்கமூலத்துக்குள் பி வர்க்கம் மைனஸ் நான்கு ஏ சி. கீழே: இரண்டு ஏ."

துறைத் தலைவி பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். அவர் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் யாழினி விடை சொன்னாள். இன்னொன்று. அதற்கும் சொன்னாள்.

"எனக்குச் சம்மதமுங்க," என்றார் அவர். குரலே மாறியிருந்தது. "ஆனா முதல்வர் ஐயா ஒத்துக்கோணும். பக்கத்து ரூம்லதான் இருக்காருங்க." சுவரைப் பார்த்தார். "எல்லாமே கேட்டிருக்கும்."

கதவு திறந்தது. முதல்வர் உள்ளே வந்தார். யாழினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக என் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

"சீட்டு பொண்ணுக்குங்க," என்றார். "மோரு எனக்குங்க."