உட்காரத் தோதில்லாத ஓட்டல்

முருகன் துணை

குருவிக்கல் தோட்டம், மேல்பிரிவு,
லுணுகலை.
23.6.1978

கொஸ்லந்தையில் இருக்கும் அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் முருகையா அவர்களுக்கு, கந்தப்பன் கங்காணி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் ஒன்று, வீட்டு ஆடு ஒன்று, இந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சி லெட்சுமியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று பேக்டரி வாசல் ரோதமுனி சாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நிற்க. இந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் நான், ஆயிரம் தடவை இந்த 'நிற்க'வை எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அதை எழுதவே கை கூசுகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உங்கள் மகன் நடேசனுக்கு என் மகள் தனலெட்சுமியைக் கேட்டு நீங்கள் தை மாதமே சொல்லி அனுப்பினீர்கள். முறைப்பையன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் போய்ப் பார்ப்பது நம்முடைய வழக்கமா இல்லையா? உங்கள் லயத்துக் காம்பராவை நான் பார்க்க வேண்டியதில்லை, அதன் கூரை எங்கே ஒழுகும் என்பதுகூட எனக்குத் தெரியும். பையன் இருப்பதோ பாசிக்குடாக் கடற்கரையில், வெள்ளைக்காரர் வந்து தங்குகிற 'பவளக்கரை' என்கிற பெரிய ஓட்டலில். கல்யாணம் முடிந்தால் பக்கத்திலேயே வீடெடுத்து என் மகளைக் கூட்டிப்போவேன் என்கிறான். சரி, வீட்டுக்குப் பதிலாக ஓட்டலையே பார்த்துவிடுகிறேன் என்றேன். அவனும் மனேஜரிடம் பேசி, ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய ஒரு சோடி வராமல் காலியாய்க் கிடந்த அறையை மூன்று நாளைக்கு எங்களுக்கு வாங்கிக் கொடுத்தான். தங்கிப் பார்த்து, அது மனிதர் தங்கத் தோதான இடமா, பெண்ணை அங்கே அனுப்பலாமா என்று உள்ளதை உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். தோதில்லை மச்சான். துளிகூடத் தோதில்லை.

போகும்போதே சரியில்லை. "புது ஊரு, குளிருக்கு என்ன செய்யிறது" என்று என் சம்சாரம் மீனாச்சி இரண்டு கம்பளியையும் மடித்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். பதுளை பஸ்ஸில் லுணுகலையில் ஏறி, பிபிலை தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, மடியிலே கம்பளி, அதற்குமேல் மீனாச்சியின் சோற்றுப் பொட்டலம். பஸ்ஸிலிருந்த ஒருத்தன், "என்ன ஐயா, கடலுக்குப் போர்த்திவிடவா?" என்று கேட்கிறான், நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓட்டல் அறைக்குள் போனால் சுவரிலே ஒரு பெட்டி, அது உர்ரென்று உறுமிக்கொண்டு மார்கழி மாதத்து ஹப்புத்தளைக் குளிரைக் கக்குகிறது. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே நெருப்பாய் எரிகிற ஊரில் அறைக்குள் காசு கொடுத்துக் குளிர் வாங்குகிற புத்திசாலிகளை நான் அங்கேதான் பார்த்தேன்.

சாப்பாட்டைக் கேளுங்கள். எழுபத்து நாலாம் வருஷப் பஞ்சத்தில் கூட்டுறவுக் கடை வாசலில் ஒரு கொத்து மாவுக்கு நாம் வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே பணக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அதே மாதிரி வரிசையில் நிற்கிறார்கள், பரிமாற ஆளில்லை, அவரவரே அள்ளிக்கொள்ள வேண்டும். முதலில் வைத்திருப்பது பச்சை இலை. வதக்காத, உப்புப் போடாத வெறும் இலை! நம் வீட்டு ஆட்டை மருந்துக்காவது கூட்டிப்போயிருக்கலாம். தேத்தண்ணியைப் பற்றி எழுதவே வயிறு எரிகிறது. நாற்பது வருஷம் கொழுந்து மலையில் காய்ந்தவன் முன்னால் ஒரு சின்னக் காகிதப் பையை நூலில் கட்டிச் சுடுதண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். ஒரு வாய் குடித்தேன். பேக்டரியில் கடைசியாய்க் கூட்டி அள்ளுகிற தூசி அது, சத்தியமாய்ச் சொல்கிறேன். அதற்குப் பக்கத்து மேசை வெள்ளைக்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு "ஆ" என்கிறாள்.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை என்னவென்றால், மச்சான், அந்த ஓட்டலில் உட்கார முடியாது.

நாற்காலி இல்லாமலில்லை. மணலிலே வரிசையாய்ப் போட்டிருக்கிறார்கள், கால் நீட்டிச் சாய்கிற நாற்காலி, மேலே நிழலுக்கு ஓலை. மீனாச்சி அதில் சாய்ந்தாள், முப்பது வருஷம் கூடை சுமந்த தலையை அதன்மேல் வைத்தாள், அவ்வளவுதான், சாப்பாட்டுக்குத் தவிர எழும்பவில்லை. நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே ஒரு வெள்ளைக்காரர் முன்னால் நடந்து போனார். நான் எழுந்து நின்றேன். அவர் போனதும் உட்கார்ந்தேன். இரண்டு பேர் வந்தார்கள். எழுந்தேன். உங்களுக்குத் தெரியாததா? தோட்டத்துத் தொரை வருகிறார் என்றால் தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கி, குடையை மடக்கி, ஓரத்தில் நிற்க வேண்டும் என்று பத்து வயதில் என் அப்பா முதுகில் ஒன்று வைத்துப் பழக்கியது. அந்த வெள்ளைத் தொரைமார் போய் மூன்று வருஷமாகிறது, தோட்டத்தையும் அரசாங்கம் எடுத்துவிட்டது, ஆனால் என் காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இவர்களோ தொரைமார் மாதிரிகூட இல்லை. நம் தொரை முழங்கால் வரைக்கும் காலுக்கு மேசு போட்டுத் தொப்பியில்லாமல் வாசல்படி இறங்கமாட்டார். இதுகள் கோவணத்துக்கும் குறைந்த துணியோடு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, கொழுந்து வாட்டப் போட்ட மாதிரி வெயிலில் கிடந்து, ஒருபக்கம் வாடியதும் மறுபக்கம் புரண்டு படுக்கிறதுகள். மரியாதை மனசில் வரவேயில்லை மச்சான். கால்தான் எழும்புகிறது.

வந்த அன்றைக்கு இளநீரில் ஒரு குட்டிக் காகிதக் குடையைச் செருகிக் கொடுத்தார்கள். குடிக்கப் போகிற நேரம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நான் அந்தக் குடையையும் மடக்கிவிட்டேன். மீனாச்சி இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் நான் இல்லையென்றுதான் சொல்வேன், உங்களிடம் மட்டும் எழுதுகிறேன். "நீங்க என்னங்க, கொடிக்கம்பமா? ஒண்ணு நில்லுங்க, இல்ல உக்காருங்க, எனக்குத் தல சுத்துது" என்றாள். அங்கே போகிற வருகிற எல்லாருமே வெள்ளைக்காரர்கள், நான் எங்கே உட்காருவது? முழங்கால் வீங்கியது அப்படித்தான்.

இரண்டாம் நாள் காலை, தண்டவாளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி உயரமாய், சிவந்த முதுகோடு ஒருத்தர் கடலிலிருந்து ஏறி வந்தார். வழக்கம்போல நான் எழுந்து, துண்டை இறக்கி, நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் நிற்கிற நிலையைப் பார்த்தார், தன்னுடைய ஈரத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அதை வாங்கி, உதறி, நாலாய் மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து நடேசன் தட்டோடு வருகிறான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டி, நெஞ்சில் ஒரு தகட்டில் 'நாட்' என்று எழுதியிருக்கிறது. நாம் வைத்த பெயர் முழுசாய் எழுதத் தகட்டில் இடமில்லை போலிருக்கிறது! என்னைப் பார்த்ததும் பையனுடைய முகம் மாறிப்போயிற்று. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்த துண்டை எடுத்தான். எனக்கு வெட்கம். வெட்கத்தை மறைக்கக் கோபம்.

"இதெல்லாம் ஒரு வேலையாடா? கண்டவன் ஈரத்துண்ட எடுக்கிறவனுக்கு எம் மகளக் குடுக்கவா?" என்று கத்திவிட்டேன்.

"வேலைதாங்க மாமா" என்றான். "காலையில எட்டு மணிக்கு இந்தச் சட்டையப் போட்டா எந்திரிக்கணும், குனியணும், அதுக்குத்தான் சம்பளம். நாலு மணிக்குச் சட்டையக் கழட்டிட்டா யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். நீங்க நாப்பது வருஷமா எந்திரிச்சீங்களே, அதுக்கு உங்களுக்கு ஒரு அரைப்பேராவது போட்டாங்களா?"

பார்த்தீர்களா மச்சான் வாயை! பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டுகிறவன் நான். என்னிடமே அரைப்பேர்க் கணக்குக் கேட்கிறான். மீனாச்சி நாற்காலியில் சாய்ந்தபடியே, "அவன் கேட்டதுல என்ன தப்பு?" என்கிறாள்.

அதோடு விட்டானா? நாலு மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தச் சிவந்த முதுகுக்காரரிடம் போய் ஜெர்மன் பாஷையில் கடகடவென்று பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் எழுந்து நின்றேன். அந்த மனிதர், என்னை ஓட்டல்காரன் என்று நினைத்துத் துண்டைக் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக் கையை நீட்டினார். நடேசன்தான் தமிழில் சொன்னான். சரி, உட்காருவார் என்று பார்த்தால் அவர் உட்காரவில்லை. நான் நிற்கிறேனாம், வயதில் பெரியவராம், அதனால் அவரும் நிற்கிறாராம். தொரை நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? இரண்டு பேரும் வெயிலில் எதிரெதிரே நிற்கிறோம். கடைசியில் நடேசன், "மாமா, இவரு தொரையில்லைங்க. ஊர்ல வீடு வீடாப் போய்த் தண்ணிக் குழாய் பூட்டுற பாஸ், கைத்தொழில்காரரு. வருஷம் பூரா மிச்சம் பிடிச்சு வந்திருக்காரு" என்றான்.

குழாய் பூட்டுகிற பாஸ்! நம் தோட்டத்தில் குழாய் உடைந்தால் லுணுகலையிலிருந்து வருவாரே, அவரைக் கண்டு நான் என்றைக்காவது எழுந்திருக்கிறேனா? குந்தச் சொல்லித் தேத்தண்ணி கொடுப்பேன். அப்படிப்பட்ட ஒரு ஆளுக்காக இரண்டு நாள் என் முழங்காலைக் கெடுத்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பொத்தென்று நாற்காலியில் விழுந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மீனாச்சி முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினாள், அவர் ஒன்பது முறுக்குத் தின்றார். அப்புறம் ஆட்கள் முன்னால் போனார்கள், வந்தார்கள். நான் எழும்பவில்லை. முழங்கால் வலிதான் காரணம், வேறொன்றுமில்லை.

ஆகவே என் முடிவு இது. அறையில் குளிர், சாப்பாடு இலை, தேத்தண்ணி தூசி, வெள்ளைக்காரர் என்று வந்தவர் குழாய்க்காரர், மாப்பிள்ளை வாயாடி. அந்த ஓட்டல் ஒருநாள் தங்கவும் தோதில்லை, அதை நம்பிப் பெண் கொடுக்கவும் தோதில்லை. தனலெட்சுமிக்கு நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அவளும் நான் வந்ததிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டுக்குப் புல் அறுக்கப் போகிறாள். போகட்டும், சரியாகிவிடும்.

உள்ளதைச் சொன்னதற்குக் கோபிக்க வேண்டாம். கோபம் வந்தாலும் உறவை விட வேண்டாம். உங்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், தங்கச்சிக்கு மீனாச்சி அனுப்புகிற கருவாட்டுப் பொட்டலம் ஒன்று. அந்தக் கடற்கரையில் உருப்படியாய் இருந்தது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
க. கந்தப்பன், கங்காணி.

பி.கு.: மச்சான், மேலே எழுதியதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் வீட்டில் காகிதம் இல்லை. நடந்தது இதுதான். காம்பரா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்து வைக்கிறேன், ஜீப் வந்து நிற்கிறது. அரசாங்கம் போட்ட புதுத் தொரை இறங்கி லயத்துச் சாக்கடைக் கான் பார்க்க வருகிறார். லயம் பூராவும் எழும்பிவிட்டது, கட்டிலில் கிடந்த காய்ச்சல்காரன்கூட வந்து வாசலில் நிற்கிறான். நான் உட்கார்ந்தே இருந்தேன். கால் எழும்பப் பார்த்தது, கடிதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். "சலாம் தொரை" என்றேன், உட்கார்ந்தபடியே. அவர் ஒரு மாதிரி பார்த்து, "என்ன கங்காணி, காலுக்கு என்ன?" என்றார். "காலுக்கு ஒண்ணுமில்லைங்க தொரை, கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கேன்" என்றேன். கானைப் பார்த்தார், போய்விட்டார். அவர் போன பிறகும் அரைமணி நேரம் முக்காலியை விட்டு நான் எழும்பவில்லை.

தனலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "என்னப்பா இது, யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். "ஒன் அத்தான்தான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் உள்ளே ஓடினாள், உள்ளேயிருந்து மீனாச்சியின் சிரிப்புத்தான் கேட்கிறது. நாற்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்கு நானே ஒரு முழுப்பேர் போட்டுக்கொண்டேன். ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை தங்கச்சியோடு வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து சேருங்கள். நடேசனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மணலில் ஓலை நிழலில் இடதுபக்கத்து இரண்டு நாற்காலியையும் கல்யாணம் முடிந்த அடுத்த வாரத்துக்கு எங்களுக்குப் பிடித்து வைக்கட்டும், இந்தத் தடவை கம்பளி கொண்டுவர மாட்டோம்.