சலூன் வாசலிலை உருகின ஐஸ்

காதலிக்கப் போறவன் தன்ரை தலைமயிரைக் கவனிக்கக்கூடாது. கவனிச்சா என்ன நடக்கும் எண்டதுக்கு நானே சாட்சி.

அப்ப எனக்குப் பாலையூற்றுப் பக்கம் ஒரு சின்னப் பட்டுப்புழுப் பண்ணையிலை வேலை. மல்பெரி இலை வெட்டிப் புழுவுக்குப் போடுறது. (எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டாலும், புழுக்கள் மதிச்சுதுகள்.) அங்கை கண்டியிலையிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு மிஸ் வந்தா. என்னைவிட ரெண்டு வயசுதான் மூப்பு. ஆனா வாயைத் திறந்தா "தம்பி".

பார்க்கப் புழுவெல்லாம் ஒரே வெள்ளை. உள்ளுக்கை இருக்கிற நொதி மட்டும் வம்சத்துக்கு வம்சம் வித்தியாசமாம். புழுவின்ரை காலிலை ஊசியாலை குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மாப்பசைத் தட்டிலை வைச்சுக் கரண்ட் விட்டுச் சாயம் போட்டா, கோடு கோடாய்த் தெரியும். எங்கடை வெக்கையைத் தாங்குற வம்சத்துக்கு ஒரு தனிக் கோடு. அந்தக் கோடு இருக்கிறதுகளைத்தான் பூச்சியானதும் சோடி சேர்ப்பா.

"பொருத்தம் பார்க்கிறதிலை சாத்திரியாரைவிட நீங்கள் திறம், மிஸ்," எண்டன். சிரிச்சா. நான் முடிஞ்சன்.

புழு ரத்தம் காத்துப் பட்டாக் கறுத்துப்போகும். ஐஸிலை வைச்சாத்தான் நிற்கும். பண்ணையிலை பிரிட்ஜ் இல்லை. துறைமுகத்து மீன்வாடியிலையிருந்து சைக்கிளிலை ஐஸ் கொண்டுவாறது என்ரை பொறுப்பு.

கடைசிச் சோதனை நாள். அது முடிஞ்சா மிஸ் பின்னேர றெயிலிலை போயிடுவா. ரத்தமெல்லாம் கண்ணாடிக் குழாயளிலை எடுத்து, மிச்சமிருந்த கொஞ்ச ஐஸிலை வைச்சிட்டு என்ரை வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. நானோ ஐஸ் சாக்கைக் கரியரிலை விட்டிட்டுச் சலூன் கதிரையிலை. (அண்டைக்குத்தான் மனசைத் திறக்கிற திட்டம். பரட்டைத் தலையோடை எப்பிடித் திறக்கிறது?) சலூன்காரர் ஏதோ கப்பல் கதை துவங்கினார். அவர் ஒரு பக்கம் வெட்டி முடிக்கேக்கை, சாக்குத் தண்ணி ரோட்டைத் தாண்டி ஓடுது. பாதித் தலையோடை பாய்ஞ்சு சைக்கிளை எடுத்தன்.

பண்ணையிலை சாக்கை அவிழ்த்தா, உள்ளுக்கை ரெண்டு சின்ன மீன்தான். ரத்தம் எடுத்து வைச்ச குழாயெல்லாம் பால் விடாத பிளேன்ரீ நிறம்.

மிஸ் ஏசேல்லை. எனக்கெண்டா உள்ளுக்கை ஒரு களவுச் சந்தோசம்: புதுப் புழு வளரும்வரை இன்னும் ஒரு மாதம் நிற்பாவே. அவ மிஞ்சியிருந்த புழுக்களை இலையோடை பெட்டியிலை அடுக்கினா. கண்டியிலை பிரிட்ஜ் இருக்காம்.

பெட்டியை ஸ்டேசனுக்குச் சுமந்ததும் நான்தான். றெயில் அசையேக்கை கேட்டன்: "மிஸ், எங்கடை ரெண்டு பேரின்ரை ரத்தத்திலையும் கோடு பார்க்கலாமோ?"

என்ரை பாதித் தலையைப் பார்த்தா. "பார்க்கலாம் தம்பி. ஆனா ஐஸ் கொண்டுவர வேறை ஆள் வேணும்."

இப்பவும் எனக்குச் சம்பந்தம் வந்தா, அம்மா சாதகக் குறிப்பை விரிக்க முந்தியே அக்கா கேட்பா: "பொம்பிளை வீட்டிலை பிரிட்ஜ் இருக்கோ?" வீடே சிரிக்கும். நானும்தான். ஆனா பின்னேர றெயில் கூவினா மட்டும், கை தானாய் அண்டைக்கு வெட்டாமல் விட்ட பக்கத்து மயிரைத் தடவும்.